எத்தனை மணிக்கு என்ன கடை? – மதுரையிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

நலம்தானே? பஸ் ஸ்டாண்டுச் சாப்பாட்டுக் கடைகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் இதைக் கேட்கத் தோன்றியது. நான் பிறந்தது, படித்தது, கல்யாணமாகிக் குடியிருப்பது எல்லாம் மதுரைதான். வீடு பீ.பீ.குளம். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து சித்தி பிள்ளைகள் வந்திருந்தார்கள். எங்கெங்கே சாப்பிட வேண்டும் என்று போனில் ஒரு பட்டியலே வைத்திருந்தார்கள். "அக்கா, நீ இதெல்லாம் தினமும் சாப்பிடுவியா?" என்று கேட்டபோது வெட்கமாகப் போய்விட்டது. அதில் பாதிக் கடையை நான் வெளியே நின்று பார்த்ததோடு சரி. எங்கள் வீட்டில் ஓட்டல் என்றால் ஒரே ஓட்டல், ஒரே நெய் ரோஸ்ட்.

அவர்களோடு சனி, ஞாயிறு சுற்றினேன். எங்கு போனாலும் கூட்டம், எல்லார் கையிலும் கேமரா. ஒரு கடையில் கறி தோசை ஆறிப்போய் வந்தது. "இதுக்குத்தான் இவ்வளவு பேச்சா?" என்று சித்தி பையன் கேட்டான். பதில் சொல்லத் தெரியவில்லை.

சொந்த ஊர்க் கடைகளை ஒருவர் எப்படித் தெரிந்துகொள்வது? வீடியோக்களை நம்பாமல் வேறு வழி உண்டா? தள்ளுவண்டியில் சாப்பிட்டால் வயிறு தாங்குமா என்ற பயமும் இருக்கிறது. அப்புறம், என் கணவருக்கு இதில் ஆர்வமே கிடையாது. ஒரு பெண் தனியாகப் போய் நின்று சாப்பிடத் தோதான இடங்கள் உண்டா? போய்ப் பார்ப்பதை எழுதிவைக்கலாமா என்றும் ஒரு யோசனை.

அன்புடன்,
ச., மதுரை



அன்புள்ள ச.,

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உள்ளூர்க்காரர்களுக்கு வீட்டில் அடுப்பு இருக்கிறது. கடைகள் பெரும்பாலும் அது இல்லாதவர்களுக்காக வந்தவை: சரக்கு இறக்க வந்தவர், கோர்ட் கேஸுக்கு வந்தவர், லாட்ஜில் தங்கியவர், மில் ஷிப்ட் முடித்தவர். ஊரில் பிறந்தவருக்கு ஊர்க் கடை தெரியாமல் இருப்பது சகஜம்தான்.

சித்தி பிள்ளைகளின் பட்டியலில் என்ன இருந்திருக்கும் என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். ஜிகர்தண்டா, கறி தோசை, அல்வா, ஏதாவது ஒரு மெஸ்ஸில் அயிரை மீன் குழம்பு. எல்லாம் சாப்பிட வேண்டியவைதான். ஆனால் அந்தப் பட்டியலில் மணி எழுதியிருக்காது. மதுரையில் ஒவ்வொரு பலகாரத்துக்கும் ஒரு நேரம் இருக்கிறது. அது தெரிந்தால் கடையை யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

ஆறிப்போன கறி தோசையையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்லில் ஊத்தப்பம் கனத்துக்குச் சின்னதாக மாவு ஊற்றி, மேலே ஈரம் காயும் முன் அடித்த முட்டையை விட்டு, அதன் மேல் மசாலாவில் வெந்த கொத்துக்கறியைப் பரப்பி, சுற்றிலும் எண்ணெய் விட்டுப் பொறுமையாகத் திருப்ப வேண்டும். அவசரப்பட்டால் கறி தனியாக, தோசை தனியாகக் கழன்று வரும். சனிக்கிழமை ராத்திரி எட்டரைக்கு வாசல் வரை ஆள் நிற்கும்போது எந்த மாஸ்டரும் முன்கூட்டியே போட்டு அடுக்கித்தான் வைப்பார். செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள். செவ்வாயும் வெள்ளியும் பாதி ஊர் கறி தொடாது. கல்லிலிருந்து நேரே உங்கள் இலைக்கு வரும்.

இது இன்றைக்கு நேற்று வந்த பழக்கமும் இல்லை. மதுரைக்காஞ்சி இந்த ஊரைப் பொழுது பொழுதாகத்தான் சொல்லிக்கொண்டு போகிறது. பகலுக்கு நாளங்காடி, இரவுக்கு அல்லங்காடி. சாமம் ஏறியதும் அப்பமும் மோதகமும் விற்கிறவர்கள் சரக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கி விழுகிறார்கள். இன்றைக்கும் ராத்திரி வண்டிக்காரர் ஒருவரை அப்படியே பார்க்கலாம், கையில் போன் இருக்கும், அவ்வளவுதான்.

சரி, காலையிலிருந்து வருகிறேன். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விடிவதற்கு முன்பே மல்லிகை மூட்டை வந்து இறங்கிவிடும். அந்த நேரத்தில் வேலை பார்க்கிறவர்களுக்குச் சூடாகவும் வேண்டும், வயிற்றில் நிற்கவும் வேண்டும். அதற்குப் பருத்திப்பாலை மிஞ்ச ஒன்றுமில்லை. பருத்திக்கொட்டையை ராத்திரியே ஊறப்போட்டு, ஆட்டி, துணியில் வடித்துப் பால் எடுப்பார்கள். கொஞ்சம் அரிசி மாவு கரைத்துவிட்டு, வெல்லமோ கருப்பட்டியோ போட்டு, சுக்கும் ஏலக்காயும் தட்டிச் சேர்த்து, அடி பிடிக்காமல் கிண்டிக்கொண்டே காய்ச்ச வேண்டும். கிளாஸில் ஊற்றித் தேங்காய்ச் சில்லு தூவித் தருவார்கள். நல்ல பருத்திப்பால் பாயசத்துக்கும் கஞ்சிக்கும் நடுவில் இருக்கும், தொண்டையில் இறங்கியபிறகு சுக்கு லேசாக எரியும். எரியவில்லை என்றால் வேறு வண்டி பாருங்கள். சும்மா இனிப்பாக மட்டும் இருந்தால் மாவும் வெல்லமும்தான் உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. தெற்கே கரிசல் காடெல்லாம் பருத்தி, ஊருக்குள் ஹார்வி மில். கொட்டைக்குப் பஞ்சமில்லாத ஊரில் இது குடியானதில் ஆச்சரியமில்லை. உங்கள் வீட்டிலிருந்து மாட்டுத்தாவணி வரை போகவும் வேண்டாம். காலையில் ஜனங்கள் வாக்கிங் போகிற பக்கமெல்லாம் வண்டி நிற்கிறது, சாயங்காலம் இன்னொரு முறை வரும்.

அதே காலையில் அண்ணாநகர் உழவர் சந்தைக்கும் ஒரு நடை போய் வாருங்கள். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை அதுதான், 1999 நவம்பரில் திறந்தது. காய் வாங்க வருகிறவர்களை நம்பி வெளியே கம்பங்கூழும் கீரை சூப்பும் விற்கிறார்கள். கூழுக்கு மோர் மிளகாயும் சின்ன வெங்காயமும் கேட்டு வாங்குங்கள்.

மத்தியானம் மெஸ்ஸுக்குப் பன்னிரண்டரைக்குள் உட்கார்ந்துவிட வேண்டும். அயிரை விரல் நீளம்கூட இருக்காது. உயிரோடு வாங்கி, தண்ணீரை மாற்றி மாற்றி மண்ணைக் கக்கவிட்டபிறகுதான் குழம்பில் போடுவார்கள். நிறையச் செய்ய முடியாது, விலையும் குறையாது. இரண்டு மணிக்குப் போய், "தீர்ந்துபோச்சு, விரால் இருக்கு" என்றால் கடைக்காரரைக் கோபித்துப் பயனில்லை.

எனக்குப் பிடித்த நேரம் மூன்றரையிலிருந்து ஆறு. கோயில் நடை நாலு மணிக்குத் திறக்கும், அதை ஒட்டிக் கோயிலைச் சுற்றி எண்ணெய்ச் சட்டிகள் காயத் தொடங்கும். கோபு ஐயங்கார் கடை வெள்ளை அப்பம் இந்த நேரத்துச் சமாசாரம்தான். ஆனால் இன்னும் தெற்கே, திருமலை நாயக்கர் மகால் பக்கம் வாருங்கள். சௌராஷ்டிரர்கள் குடியிருக்கும் தெருக்கள். சாயத்துக்கும் தறிக்கும் பேர் போன இடம், சுங்குடிச் சேலை இங்கிருந்துதான் போகிறது. இங்கே விற்கும் முள்ளு முருங்கை வடையை ஊருக்கு வெளியே நான் எங்கும் சரியாகச் சாப்பிட்டதில்லை.

வடை என்றதும் உளுந்து வடையை நினைக்காதீர்கள். முள்ளு முருங்கை இலையைப் பச்சரிசியோடு அரைத்து, மிளகு சீரகம் சேர்த்து, கெட்டி மாவாகப் பிசைந்து பூரி மாதிரி தட்டிப் போடுகிறார்கள். எண்ணெயில் விழுந்ததும் அடியில் போய், உப்பிக்கொண்டு மேலே வரும். நல்ல பச்சை. எடுத்ததும் மேலே பருப்புப் பொடி தூவி, தாளில் வைத்துத் தருகிறார்கள். முதல் கடியில் ஓரம் மொறுமொறு என்று உடையும், நடுவில் மெத்தென்று இருக்கும், லேசாக ஒரு கசப்பு பின்னால் வரும். சளிக்கு நல்லது என்று வாங்குகிறவர்களும் உண்டு. நான் மருந்துக்காக வாங்குவதில்லை. நான் வழக்கமாக வாங்கும் அம்மா ஒரு பாத்திரம் மாவுதான் கொண்டுவருவார். ஆறரைக்குள் தீர்ந்துவிடும், அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். இன்னொரு பாத்திரம் கொண்டுவரக் கூடாதா என்று கேட்டால், "இலை யார் ஆய்றது?" என்பார். முள் மரம் அது, நியாயமான கேள்வி.

ஜிகர்தண்டாவுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சுண்டக் காய்ச்சிய பால், கடற்பாசி, பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். வெயிலில் குடிக்க வேண்டியது அது. இரவு பிரியாணிக்குப் பிறகு குடித்துவிட்டுத் திகட்டுகிறது என்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். விளக்குத்தூண் பக்கத்துக் கடையில் அதைக் குடித்துக்கொண்டே அந்தத் தூணை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். 1840களில் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்த கலெக்டர் பிளாக்பர்னின் நினைவாக நட்டது. அப்போது கிடைத்த இடத்தில் வந்தவைதான் வெளி வீதிகளும் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும். மாரட் சர்வேயர், பெருமாள் வேலையைப் பார்த்துக்கொண்ட மேஸ்திரி. ரயில் வந்தபிறகு லாட்ஜும் சாப்பாட்டுக் கடையும் மேற்கே அந்த வீதிகளில் பெருகின. பிரேமா விலாஸில் அல்வாவை இலைத் துண்டில் சுடச்சுட வாங்கி நின்றபடி தின்பவர்களில் பாதிப் பேர் கையில் பை இருப்பதற்கும் காரணம் ரயில் நிலையம் பக்கத்தில் இருப்பதுதான். வெளியூர்க்காரர் சாப்பாடு மேற்கே, வீட்டுக்கு வாங்கிப்போகும் பலகாரம் தெற்கிலும் கிழக்கிலும் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். உங்கள் சித்தி பிள்ளைகள் கிழக்கே வந்திருக்கவே மாட்டார்கள், ஜிகர்தண்டாவுக்குத் தவிர.

வயிற்றைப் பற்றிக் கேட்டீர்கள். இதற்கும் நேரம்தான் பதில். கடை போட்ட முதல் ஒரு மணி நேரத்தில் போங்கள். எண்ணெயை டின்னிலிருந்து ஊற்றுகிறார்களா, நேற்றையதை வடித்து ஊற்றுகிறார்களா என்பது அப்போது கண்ணுக்கே தெரியும். கறுத்து, நுரை அடங்காமல் பொங்கினால் பழைய எண்ணெய். தேங்காய்ச் சட்னியை முகர்ந்து பார்க்கக் கூச்சப்படாதீர்கள். தண்ணீர் மட்டும் வீட்டிலிருந்து கொண்டுபோங்கள். பெரிய கடை என்றால் சுத்தம், வண்டி என்றால் அழுக்கு என்று நான் நம்புவதில்லை. வண்டியில் சமையல்கட்டு உங்கள் முகத்துக்கு நேரே இருக்கிறது. ஏசி ஓட்டலில் அது கதவுக்குப் பின்னால்.

பெண் தனியாக நின்று சாப்பிடுவது. நான் பெரும்பாலும் தனியாகத்தான் சாப்பிடுகிறேன், அதனால் பூசி மெழுகாமல் சொல்கிறேன். காலைப் பருத்திப்பால் வண்டி, உழவர் சந்தை, மத்தியான மெஸ், சாயங்கால வடைக் கடை, இங்கெல்லாம் ஒரு தொந்தரவும் கிடையாது. மகால் பக்கத்து வடைக் கடைகளில் வாங்க நிற்பவர்களில் பெண்கள்தான் அதிகம். பரோட்டா கடையில் ஏழு மணிக்குக் குடும்பம் வரும், பத்து மணிக்கு ஆம்பிளைக் கூட்டம் மட்டும் இருக்கும். அதன்பிறகு சிம்மக்கல், கீழவாசல் பக்கம் ஆவி பறக்க இட்லி விற்கிறார்களே, அவித்துப்போடுவது பல இடத்தில் ஓர் ஆச்சியாக இருப்பார், சாப்பிடுகிற பெண் ஒருவர்கூட இருக்க மாட்டார். யாரும் ஒன்றும் சொல்வதில்லை, பார்க்கத்தான் செய்வார்கள். அதுவே சாப்பாட்டைக் கெடுத்துவிடுகிறது. நான் ஆட்டோவில் இருந்தபடியே பார்சல் வாங்கிவிடுவேன். உங்கள் கணவரை இழுக்க வேண்டுமென்றால் அந்த ஒரு நேரத்துக்கு மட்டும் இழுங்கள். நாலு சட்னியும் குடல் குழம்பும் இருக்கும் இடத்துக்குக் கூட்டிப்போனால் ஆர்வம் தானாக வரும்.

ராத்திரிக் கடைகளை நம்பி ரொம்பத் தாமதமாகக் கிளம்பவும் வேண்டாம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019இல் அரசாணை வந்தது. இட்லி வண்டியில் இருப்பது புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர். அவர்கள் எத்தனை மணிக்குச் சட்டியை இறக்குகிறார்கள் என்பது அன்றைக்கு ரோந்து வருகிறவரைப் பொறுத்தது. தூங்கா நகரம் என்று பெயர் வாங்கிக் கொடுத்தவர்களுக்கே இந்த நிலைமை என்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

எழுதிவைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக. ருசியை மட்டும் எழுதாமல் எத்தனை மணிக்குத் திறந்தது, யார் யார் வந்தார்கள், எது முதலில் தீர்ந்தது என்று எழுதுங்கள். அடுத்தமுறை உங்களுக்கே உதவும். ஊருக்குக் காட்டுவதாக இருந்தால் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பெரிய கடைக்கு விளம்பரம் லாபம். ஒரு பாத்திரம் மாவோடு வருகிறவருக்கு அப்படியில்லை. நாலு மணிக்கே வெளியாட்கள் வாங்கித் தீர்த்துவிட்டால், வேலை முடிந்து வரும் வாடிக்கைக்காரர் வெறுங்கையோடு போவார், மூன்று நாள் போனால் வேறு கடை பார்த்துக்கொள்வார். வீடியோ கூட்டம் அடுத்த வாரம் வராது. நான் சொன்ன அந்த அம்மா எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதனால்தான் தெருப் பெயர் போடவில்லை. நாலரை மணிக்கு விளக்குத்தூணில் பஸ்ஸை விட்டு இறங்கி மகாலைப் பார்த்து நடந்து வாருங்கள், அவர் இல்லாவிட்டாலும் வேறு கடை அகப்படும். ஸ்கூட்டரில் மட்டும் வராதீர்கள், நிறுத்த இடம் கிடைக்காது.

அன்புடன்,
அக்கா