"கர்த்தர் என்னோடு பேசினார்" என்றால் என்ன அர்த்தம்?

ஒரு கிறிஸ்தவர் இப்படிச் சொன்னால், பெரும்பாலும் காதில் விழுந்த சத்தத்தைச் சொல்லவில்லை. வேதம் வாசிக்கையில் ஒரு வசனம் தனக்கென்றே எழுதியதுபோல் தைத்திருக்கும். அல்லது ஜெபத்தில் ஒரு குழப்பம் தெளிந்திருக்கும். அதைத்தான் சொல்கிறார்.

கடவுள் தம் குமாரன் மூலமாகப் பேசினார் (எபிரெயர் 1:2), அந்தப் பேச்சை வேதத்தின் வழியே பரிசுத்த ஆவியானவர் இன்றும் உணர்த்துகிறார் என்பது நம்பிக்கை. கத்தோலிக்கர் இதோடு திருச்சபையின் மரபையும் சேர்ப்பார்கள். பெந்தெகொஸ்தே சபைகளில் தீர்க்கதரிசனத்துக்கும் சொப்பனத்துக்கும் இடம் உண்டு. ஆனால் அங்கும் வசனத்தோடு ஒத்துப்போக வேண்டும். எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கச் சொன்னவர் அப்போஸ்தலர் பவுலே (1 தெசலோனிக்கேயர் 5:21). மேடையில் "கர்த்தர் சொல்லுகிறார்" என்றதும் அப்படியே தலையாட்டுகிறவர்கள் இந்த வசனத்தை வசதியாகத் தாண்டிவிடுகிறார்கள்!

புது நம்பரிலிருந்து அக்கா கூப்பிட்டாலும் "ஏய்" என்ற ஒரு சொல்லிலேயே ஆளைப் பிடித்துவிடுகிறோமே, அது வருஷக்கணக்கான பழக்கம். தினமும் வேதம் வாசிக்கச் சொல்வதும் அந்தப் பழக்கத்துக்காகத்தான்.

கர்த்தரின் குரல் பிடிபடாதவருக்கு விசுவாசம் குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் கர்த்தர் கூப்பிட்டபோது சிறுவன் சாமுவேலே மூன்று முறை ஆசாரியரான ஏலிதான் கூப்பிடுகிறார் என்று எழுந்து ஓடினான் (1 சாமுவேல் 3).