கிணற்றுக்கும் குழிக்கும் நடுவே எத்தனை அடி?

வீடு கட்டுவோம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஐயா, பள்ளத்தூர் பக்கம் எங்களுக்கு 12 சென்ட் புஞ்சை இருக்கிறது. அகலம் 60 அடி, நீளம் 87 அடி. வடகிழக்கு மூலையில் பழைய கிணறு, நல்ல தண்ணீர். பூர்வீக வீடு பத்துப் புள்ளிக்கு, அதாவது பத்துக் குடும்பத்துக்குப் பொதுவானது. அதில் ஒரு ஆணி அடிக்கக்கூட எல்லோரையும் கேட்க வேண்டும். அதனால் நானும் என் வீட்டுக்காரரும் இருக்க 300 சதுர அடியில் ஓர் அறை, அடுப்படி, குளியலறை, முன்னால் ஒரு திண்ணை என்று சின்னதாகக் கட்ட நினைக்கிறோம். “இத்தனூண்டு வீட்டுக்கு அனுமதி எதுக்கு ஆச்சி? பின்னாடி ஏழு உறை இறக்கிட்டா கக்கூசுக்கும் ஆச்சு” என்கிறார் கொத்தனார். அப்படியே செய்யலாமா?
— ஒரு வாசகி, பள்ளத்தூர்

பதில்: வேண்டாம் ஆச்சி. இரண்டுமே வேண்டாம்.

முதலில் அனுமதி. 1994-ம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். ‘கட்டடம்’ என்பதற்குள் வீடு, கொட்டகை, குடிசை, கழிப்பறை எல்லாமே வந்துவிடும். செங்கல், மரம், மண், உலோகம் என்று எதில் கட்டினாலும் அது கட்டடம்தான். 300 சதுர அடி என்பதால் விலக்கு என்று நினைக்காதீர்கள். இடம் பேரூராட்சி எல்லைக்குள் இருந்தால் பேரூராட்சியிலும், வெளியே இருந்தால் அந்த ஊராட்சியிலும் அனுமதி வாங்க வேண்டும். எல்லை எது என்பதை ஊகத்தில் விடாதீர்கள். 2024-ல் காரைக்குடி மாநகராட்சி ஆனபோது சுற்றியிருந்த சில ஊர்களும் அதற்குள் போய்விட்டன. நேற்றுவரை ஊராட்சியில் வரி கட்டியவர்கள் இன்று மாநகராட்சியில் கட்டுகிறார்கள்.

அதே 2024 ஜூலையில் அரசு சுயசான்றுத் திட்டம் கொண்டுவந்தது. சின்ன வீடு கட்டுகிறவர்களுக்கு அது நல்ல வசதி. ஒற்றைச் சாளர இணையதளத்தில் நீங்களே உறுதிமொழி கொடுத்து விண்ணப்பித்தால் உடனே அனுமதி வந்துவிடும். ஆனால் மனை 2,500 சதுர அடிக்குள் இருக்க வேண்டும். கட்டடம் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் மேலே ஒரு தளமும் மட்டும். 2,500 சதுர அடி என்றால் ஐந்தே முக்கால் சென்ட்கூட வராது. உங்களுடைய 12 சென்ட் 5,227 சதுர அடி. வீடு சிறியதுதான், மனை பெரியது. அதனால் நீங்கள் வழக்கமான வழியிலேயே போக வேண்டும்: பதிவு பெற்ற பொறியாளரிடம் வரைபடம் போட்டு, அதே இணையதளத்தில் பதிவேற்றி, உள்ளாட்சியின் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டும். கொஞ்சம் நாள் ஆகும், அவ்வளவுதான்.

எனக்குக் கவலை ‘புஞ்சை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதில்தான். அந்த 12 சென்ட் எப்படி வந்தது? லேஅவுட் போட்டு விற்றதில் வாங்கிய மனையா, பெரிய வயலில் பிரித்துக் கொடுத்ததா? அங்கீகாரம் இல்லாத மனையாக இருந்து, 2016 அக்டோபர் 20-க்குள் பத்திரம் பதிந்திருந்தால், 2017-ல் வந்த வரன்முறைத் திட்டத்தில் ஒழுங்குபடுத்தப்பட்டதா என்று பாருங்கள். விவசாய நிலமாகவே இருந்தால் நில உபயோக மாற்றம் வேண்டுமா என்பதை நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நகரமைப்புத் திட்டப் பகுதிக்கு வெளியே இருக்கும் விவசாய நிலத்துக்கு இதற்கென்றே 2017-ல் தனி விதிகள் வந்திருக்கின்றன.

பட்டா, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று மூன்றையும் எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் புலப்படத்தையும் (நிலத்தை அளந்து வரைந்த சர்வே படம்) அ பதிவேட்டையும் (நிலம் எந்த வகை என்று சொல்லும் வருவாய்த்துறைப் பதிவேடு) சேர்த்துப் பாருங்கள். நம்ம ஊரில் இது ரொம்ப முக்கியம். கண்மாய்க்கும் ஊருணிக்கும் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் பல இடங்களில் தூர்ந்து, மண் மூடி, வெறும் பொட்டலாகக் கிடக்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, புலப்படத்தில் கோடு இருக்கும். அதன் மேல் கட்டினால் ஐப்பசி மழையில் தண்ணீர் தன் பழைய வழியைத் தேடிக்கொண்டு உங்கள் திண்ணைக்கு வரும். பின்னாலேயே நோட்டீசும் வரும்.

இனி அந்த ஏழு உறை.

உறை என்பது சிமெண்ட் வளையம். அதை அடுக்கி இறக்கினால் பக்கவாட்டில் கசிய வழியில்லை. அடி மட்டும் திறந்திருக்கும். வீட்டுக் கழிவு மொத்தமும் ஏழடி ஆழத்துக்கு நேராகப் போய், அங்கிருந்து கீழே நிலத்தடி நீரை நோக்கி இறங்கும். இதைத்தான் நம் பக்கம் பலரும் செப்டிக் டேங்க் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். டேங்க் என்றால் அடியிலும் பக்கத்திலும் பூசி, தண்ணீர் ஒழுகாமல் இருக்க வேண்டும். இது வெறும் குழி.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 1996-ல் என் சொந்த வீட்டைக் கட்டினேன். அப்போதே பத்து வருடம் சைட்டில் நின்றவன். கிணற்றிலிருந்து 22 அடியில் குழி தோண்டினோம். செம்மண்ணுக்குக் கீழே செம்புராங்கல் வந்தது. கடப்பாரை நுனியில் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாகப் பெயர்ந்து வந்த கல்லைக் கையில் வைத்துப் பார்த்தேன். “நல்லா உறிஞ்சும்” என்று சந்தோஷப்பட்டேன். இரண்டாவது மழைக்காலத்தில் கிணற்று நீரில் ஒரு வாடை வந்தது. என் அம்மா “பாசி வாடைடா” என்று துணியில் வடிகட்டிக் குடித்தார். மகளுக்கு அப்போது நாலு வயது. இருபது நாள் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை, ட்ரிப்ஸ் ஏற்றி வைத்திருந்தோம். தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தபோது மலக் கிருமி இருப்பதாக வந்தது. எதைப் பார்த்து நல்ல கல் என்று நினைத்தேனோ அந்த ஓட்டைகள் வழியாகத்தான், எதுவும் வடிகட்டாமல், கழிவு கிணற்றுக்குப் போயிருக்கிறது. அந்தக் கிணற்றில் இன்றுவரை நாங்கள் குடிக்க எடுப்பதில்லை.

அதனால் வீட்டு வரைபடத்துக்கு முன்னால் கழிவுநீர் எங்கே போகும் என்பதைத்தான் முடிவு செய்ய வேண்டும். கழிவுநீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சு குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் நடுவே 18 மீட்டர், அதாவது 60 அடி விட வேண்டும் என்பது இந்தியத் தரக் கட்டளை 2470. குடியிருக்கும் கட்டடத்திலிருந்து 6 மீட்டர். உங்கள் கிணறு ஈசானி மூலையில் இருக்கிறது. வாஸ்து பார்ப்பவர் டேங்கை வாயு மூலையில், அதாவது வடமேற்கில் வை என்பார். 60 அடி அகல மனையில் இரண்டையும் அப்படி வைத்தால், எல்லையில் இடம் விட்டது போக நடுவே 50 அடிகூட நிற்காது. தெற்குப் பக்கம் தள்ளுங்கள். நீளவாக்கில் உங்களுக்கு 87 அடி இருக்கிறது. நிலம் எந்தப் பக்கம் வாட்டம் என்பதையும் பாருங்கள், கிணறு மேட்டில் இருக்க வேண்டும், குழி பள்ளத்தில். இன்னொன்றையும் சேர்த்து அளந்துவிடுங்கள்: அடுத்த மனைக்காரர் கிணறு. நம் கிணற்றைக் காப்பாற்றி அவர் கிணற்றைக் கெடுத்துவிடக் கூடாது. காரைக்குடிக்கே பெயர் வாங்கித் தந்தது சம்பை ஊற்றுத் தண்ணீர். நிலத்தடி நீர் இனிப்பாக இருக்கும் மண் இது.

அடுத்து மண்ணைச் சோதியுங்கள். செலவே இல்லை. குழி வரப்போகும் இடத்தில் ஒரு அடி அகலத்தில், மூன்றடி ஆழத்துக்கு ஒரு பள்ளம் எடுத்துத் தண்ணீர் நிரப்பி முதல் நாள் ஊற விடுங்கள். மறுநாள் மறுபடி அரை அடி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, ஒரு மூங்கில் குச்சியை நட்டு, தண்ணீர் மட்டத்தில் ஆணியால் கீறிக் கொள்ளுங்கள். அங்கிருந்து ஒரு அங்குலம் கீழே இன்னொரு கீறல். முதல் கீறலிலிருந்து இரண்டாவதுக்குத் தண்ணீர் இறங்க எத்தனை நிமிடம்? 30 நிமிடத்துக்குள் என்றால் உறிஞ்சு குழி வேலை செய்யும். 30-க்கு மேல் 60-க்குள் என்றால் குழி வேண்டாம், ஆழமில்லாத நீளமான சரளைக் கால்வாய் போட்டுப் பரவலாக விட வேண்டும். கண்மாய்க்குக் கீழே களிமண் வயல்களில் ஒரு மணி நேரம் ஆகியும் தண்ணீர் அசையாததைப் பார்த்திருக்கிறேன். மாறாக இரண்டு மூன்று நிமிடத்தில் மடமடவென்று இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள். என் வீட்டில் நடந்தது அதுதான்.

இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கு என் யோசனை இரட்டைக் குழி. ஒரு மீட்டர் விட்டம், ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான ஆழம், இரண்டு குழிக்கும் நடுவே ஒரு மீட்டர். சுவரில் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை செங்கலுக்கு இடையே இரண்டு அங்குலம் இடைவெளி விட்டுக் கட்ட வேண்டும். முன்னால் ஒரு சின்னத் தொட்டி, அதிலிருந்து கவட்டை மாதிரி இரண்டு பைப் பிரியும். ஒன்றை அடைத்து மற்றதில் விடுங்கள். முதல் குழி நிரம்ப உங்கள் இருவருக்கும் பல வருடம் ஆகும். நிரம்பியதும் அடுத்ததற்கு மாற்றி, பழையதைக் குறைந்தது ஒன்றரை இரண்டு வருடம் தொடாமல் விட்டால் உள்ளே இருப்பது மக்கிய மண்ணாகிவிடும். வாடை இருக்காது, தென்னைக்குப் போடலாம். உங்கள் மண் வேகமாக உறிஞ்சும் மண்ணாக இருந்தால் குழியின் அடியைப் பூசி அடைத்து, சுற்றிலும் அரை மீட்டர் கனத்துக்கு மென்மணல் போடுங்கள். அந்த மணல்தான் வடிகட்டி. மழைக்காலத்திலும் குழியின் அடிக்கும் நிலத்தடி நீர் மட்டத்துக்கும் 2 மீட்டர் இருக்க வேண்டும். கிணற்றை எட்டிப் பார்த்தால் உங்களுக்கே தெரியும், அதையும் கார்த்திகையில் பாருங்கள். கோடையில் பார்த்து ஏமாறாதீர்கள்.

குளியல் தண்ணீரையும் பாத்திரம் கழுவும் தண்ணீரையும் அந்தக் குழிக்குள் விட வேண்டாம். குழி சீக்கிரம் நிரம்பிவிடும். நம் பழைய வீடுகளில் பின்கட்டுத் தண்ணீர் வாழைக்குப் போகும், கறிவேப்பிலைக்குப் போகும். அதையே செய்யுங்கள். அடுப்படித் தண்ணீர் எண்ணெய்ப்பிசுக்கு நிற்க ஒரு சின்னத் தொட்டி வழியாக வரட்டும். பிறகு இரண்டும் சேர்ந்து சரளை போட்ட பாத்தியில் கல்வாழைக்கும் சேம்புக்கும் போகட்டும். தண்ணீர் மேலே தேங்கக் கூடாது, அது ஒன்றுதான் விதி.

கேள்வி: தோப்பில் தகர ஷீட்டில் ஒரு அறை போட்டு, சக்கரம் வைத்துவிட்டால் அனுமதி தேவையில்லை என்கிறார் நண்பர். உண்மையா?
— ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: சக்கரத்தை நம்பாதீர்கள் தம்பி. உள்ளே ஆள் தங்குகிறார், கழிப்பறை இருக்கிறது, கரண்ட் கேட்கிறீர்கள் என்றால் அதிகாரி அதைக் கட்டடமாகத்தான் பார்ப்பார். விண்ணப்பித்துவிடுங்கள். சிறிய குடியிருப்புக்குக் கட்டட முடிவுச் சான்று கேட்க மாட்டார்கள், அந்த அலைச்சல் உங்களுக்கு இல்லை. மழைநீர் சேகரிப்பு மட்டும் 2003-லிருந்து எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம். தகரக் கூரையில் அது சுலபமும்கூட. ஓரத்தில் ஒரு தகர வாய்க்கால் கட்டித் தொட்டியில் பிடியுங்கள். முற்றத்து மழையை அண்டாவில் பிடித்த ஊர் நம்முடையது.

கேள்வி: எங்கள் இடத்தில் மூன்றடியிலேயே பாறை. குழியே தோண்ட முடியவில்லை. என்ன வழி?
— ஒரு வாசகி, திருமயம்

பதில்: தரைக்கு மேலே கட்டும் சூழல் நலக் கழிப்பறையைப் பாருங்கள். முசிறியில் ஸ்கோப் என்ற தொண்டு நிறுவனம் இதைத் தெருவுக்குப் பொதுவாகவே கட்டி நடத்திக் காட்டியது. அதை முன்னெடுத்த சுப்புராமனுக்கு 2021-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. மலம் ஒரு அறைக்கும், சிறுநீரும் கழுவும் தண்ணீரும் தனித்தனி வழியாகவும் போகும். ஒவ்வொரு முறையும் ஒரு கை சாம்பல் போட வேண்டும். ஒரு அறை நிரம்பியதும் மூடிவிட்டு அடுத்ததற்கு மாறினால், மூடியது ஒரு வருடத்தில் உரமாகிவிடும். தண்ணீர் குறைவான இடத்துக்கும் பாறைக்கும் இது நல்ல ஏற்பாடு. ஆனால் வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் பழக வேண்டும். சாம்பல் வாளி காலியாக இருந்தால் அன்றே நாற்றம். வாரம் ஒருமுறை விருந்தாளி வரும் வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: வீட்டில் அடிக்கடி பேரன் பேத்திகள் வருவார்கள். செப்டிக் டேங்க்தான் கட்டுவதாக இருக்கிறோம். எந்த அளவு? சுத்தம் செய்ய ஆள் கிடைப்பார்களா?
— ஒரு வாசகர், புதுவயல்

பதில்: ஐந்து பேருக்கு உள்ளளவு 1.5 மீட்டர் நீளம், 0.75 மீட்டர் அகலம், தண்ணீர் நிற்கும் ஆழம் 1 மீட்டர். அதற்கு மேலே 30 சென்டிமீட்டர் வெற்றிடம். பத்துப் பேர் என்றால் 2 மீட்டர் நீளம், 0.9 மீட்டர் அகலம். இது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்யும் கணக்கு. உள்ளே வரும் பைப்பிலும் வெளியே போகும் பைப்பிலும் கொத்தனார் ‘டி’ (T வடிவ இணைப்பு) வைத்திருக்கிறாரா என்று நீங்களே குனிந்து பாருங்கள். அது இல்லாவிட்டால் மேலே மிதக்கும் கசடு அப்படியே உறிஞ்சு குழிக்குப் போய் அடைத்துவிடும்.

‘ஆள் கிடைப்பார்களா’ என்று கேட்டிருக்கிறீர்கள். ஆள் இறங்கவே கூடாது ஐயா. 2013-ம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்ய ஒருவரை இறக்குவது குற்றம். முதல் முறைக்கே இரண்டு வருடம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தால் தண்ணீர் அசையாமல் கிடக்கும், அமைதியாகத் தெரியும். உள்ளே நிற்கும் வாயு ஒருவரைக் கத்தக்கூட விடாது. முதலில் இறங்கியவரைத் தூக்கப் போய் இரண்டாவது ஆளும் போவார். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இப்படி இறப்பவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று சொன்னது. அந்தப் பணம் எந்த வீட்டில் எதை ஈடுகட்டும்?

லாரியைத்தான் கூப்பிட வேண்டும். அதற்கு லாரி வர வழி வேண்டும். டேங்கை வீட்டுக்குப் பின்னால் சந்தில் ஒளித்து, மேலே ஆத்தங்குடிக் கல் பதித்து மூடிவிட்டு, இரண்டு வருடம் கழித்துக் கல்லை உடைத்தவர்களை எனக்குத் தெரியும். மூடி கைக்கு எட்டும் இடத்தில், தரைக்குச் சற்று மேலே தெரிய வேண்டும். தோண்டுவதற்கு முன்னால் உங்கள் பக்கம் வரும் லாரிக்காரரிடம் ஹோஸ் எத்தனை அடி என்று கேளுங்கள். பிறகு லாரி நிற்கும் இடத்திலிருந்து டேங்க் வரப்போகும் இடம் வரை கயிறு பிடித்து அளந்து, மனைப்படத்தோடு எனக்கு எழுதுங்கள்.