மாதம் 1,000 கி.மீ. ஓட்டுபவருக்குத் தமிழ்நாட்டில் மின்சாரக் கார் உண்மையிலேயே மலிவா?

கேள்வி கேட்டவர் சென்னையில் சொந்த வீட்டில் இருப்பவர். 11 லட்ச ரூபாய் பெட்ரோல் கார், 14 லட்ச ரூபாய் மின்சாரக் கார் (இரண்டும் எக்ஸ்-ஷோரூம் விலை, அதாவது சாலை வரியும் இன்சூரன்ஸும் சேராத விலை) ஆகிய இரண்டில், வரி, இன்சூரன்ஸ், ஓட்டும் செலவு எல்லாம் சேர்த்து எது கட்டுப்படியாகும் என்கிறார்.

வீட்டிலேயே சார்ஜ் போட வழி இருந்தால் மின்சாரக் கார்தான். ஆனால் ஷோரூமில் சொல்லும் "கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்கூட ஆகாது" என்பதை அப்படியே நம்ப வேண்டாம். அந்த ஒரு ரூபாய் காரைப் பொறுத்தது இல்லை, உங்கள் வீட்டு கரண்ட் பில் எந்த ஸ்லாப்பில் (யூனிட் கூடக் கூட ஏறும் கட்டணப் படியில்) நிற்கிறது என்பதைப் பொறுத்தது.

முதலில் பெட்ரோல். சென்னை ஊருக்குள் ஓட்டினால் 1.2 லிட்டர் டர்போ எஞ்சின் வண்டி லிட்டருக்கு 14 கி.மீ. கொடுத்தாலே பெரிசு. லிட்டர் 101 ரூபாய் என்று வைத்தால் 1,000 கி.மீ.க்கு 7,200 ரூபாய் சொச்சம். கி.மீ.க்கு 7 ரூபாய் 20 காசு. இதில் தகராறு எதுவும் இல்லை. விலை மாறியிருந்தால் உங்கள் பங்க் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

மின்சாரக் காரில்தான் கணக்கு சறுக்கும். டேஷ்போர்டு 100 கி.மீ.க்கு 14 யூனிட் என்று காட்டும். அது பேட்டரியிலிருந்து வெளியே போனது. வீட்டு மீட்டரில் ஓடுவது அதைவிட அதிகம். வீட்டுக்கு வரும் ஏசி (மாறுதிசை) மின்சாரத்தை பேட்டரிக்கு வேண்டிய டிசி (நேர்திசை) ஆக்கும்போது காருக்குள் இருக்கும் சார்ஜர் சூடாவது, பேட்டரியைக் குளிர்விக்கும் பம்ப், ஒயரில் போவது எல்லாம் சேர்த்து 10 முதல் 15 சதவீதம் காணாமல் போகும். அதனால் 100 கி.மீ.க்கு 16 யூனிட் என்று வையுங்கள். மாதம் 1,000 கி.மீ. என்றால் 160 யூனிட். நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில் என்பதால், ஒரு பில்லில் ஏறுவது 320 யூனிட்.

இந்த 320 யூனிட் ஏற்கெனவே இருக்கும் வீட்டு உபயோகத்தின் தலைக்கு மேல் போய் உட்காரும், விஷயமே அதுதான். 2025 கட்டணப்படி வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500க்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட் 2.35, 400 வரை 4.70, 500 வரை 6.30. மொத்தம் 500ஐத் தாண்டினால் 2.35 என்ற சலுகை ஸ்லாப் போய்விடும், 101லிருந்தே 4.70. அதற்கு மேல் 600 வரை 8.40, 800 வரை 9.45, 1,000 வரை 10.50, அதற்கும் மேல் 11.55.

வீட்டில் ஏசி இல்லை, இரண்டு மாதத்துக்கு 150 யூனிட்தான் என்றால், கார் வந்த பிறகு 470. பில் சுமார் 118 ரூபாயிலிருந்து 1,616 ஆகும். கூடுதல் 1,500 ரூபாய், 2,000 கி.மீ.க்கு. அதாவது கி.மீ. 75 காசு. ஷோரூம்காரர் சொன்னது இந்த வீட்டைத்தான். ஒரு ஏசி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் இருந்து 400 யூனிட் ஓடும் வீட்டில் கார் வந்தால் 720. பில் 1,175லிருந்து 4,014க்குப் போகும். கி.மீ. 1 ரூபாய் 42 காசு. இரண்டு மூன்று ஏசி ஓடி ஏற்கெனவே 900 யூனிட் கட்டுபவருக்கு அதே 320 யூனிட் 3,591 ரூபாய். கி.மீ. 1 ரூபாய் 80 காசு. கார் ஒன்றுதான், ஓடிய தூரமும் ஒன்றுதான், செலவு மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசப்படுகிறது. பழைய பில் நான்கை எடுத்துவைத்துக் கோடை பில், மழைக்கால பில் இரண்டுக்கும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள், ஏனென்றால் மே மாதத்தில் நீங்கள் வேறு ஸ்லாப்பில் இருப்பீர்கள்.

அடுக்குமாடி என்றால் கார் நிறுத்துமிடத்துக்கு உங்கள் சொந்த மீட்டரிலிருந்து ஒயர் இழுக்க முடியுமா என்று முதலில் அசோசியேஷனிடம் கேளுங்கள். பொது மீட்டரிலிருந்து எடுத்தால் அந்த 100 இலவச யூனிட்டும் கிடையாது, கட்டண விகிதமும் வேறு.

வெளியே டிசி ஃபாஸ்ட் சார்ஜரில் மட்டுமே போடுகிறவர் கணக்கு தனி. யூனிட் 18 முதல் 25 ரூபாய் வரை வாங்குகிறார்கள். வீட்டு மின்சாரத்துக்கு ஜிஎஸ்டி இல்லை, ஆனால் பொதுச் சார்ஜிங் ஒரு சேவை என்பதால் 18 சதவீதம் உண்டு. ஆப்பில் காட்டும் விலை ஜிஎஸ்டி சேர்த்ததா சேர்க்காததா என்று பாருங்கள், பாதிப் பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். 22 ரூபாய், 100 கி.மீ.க்கு 15 யூனிட் என்று வைத்தால் கி.மீ. 3 ரூபாய் 30 காசு. பெட்ரோலில் பாதிக்கும் கீழேதான், ஆனால் வாராவாரம் சார்ஜரைத் தேடிப் போய் உட்காரும் நேரத்துக்கு யார் காசு தருவார்கள்?

இப்போது வரி. மூன்று இடத்தில் வருகிறது: வாங்கும்போது ஜிஎஸ்டி, பதிவின்போது சாலை வரி, ஓட்டும்போது எரிபொருள் வரி.

ஜிஎஸ்டி மின்சாரக் காருக்கு 2019 ஆகஸ்ட் முதல் 5 சதவீதம். நான்கு மீட்டருக்குள், 1,200 சிசிக்குள் இருக்கும் பெட்ரோல் காருக்கு 28 சதவீதமும் 1 சதவீத செஸ்ஸும் (கூடுதல் வரி) இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 18 ஆகிவிட்டது, பெரிய கார்களுக்கு செஸ் இல்லாமல் 40. சின்ன பெட்ரோல் காருக்கும் மின்சாரக் காருக்கும் வரி இடைவெளி 24 புள்ளியிலிருந்து 13க்கு இறங்கியது. அதற்கு முன்பு எழுதிய ஒப்பீடுகளை இனி நம்பக் கூடாது. ஜிஎஸ்டியெல்லாம் சேர்ந்த விலை மேல்தான் சாலை வரி போடுகிறார்கள் என்பதால் இறக்கம் இரண்டு முறை வேலை செய்தது. அடிப்படை விலை 8.40 லட்சம் உள்ள ஒரு கார் முன்பு 10.84 லட்சம், சாலை வரி 18 சதவீதம். இப்போது 9.91 லட்சம், சாலை வரி 13 சதவீதம். இரண்டும் சேர்த்து ஒன்றரை லட்சத்துக்கு மேல் இறக்கம்.

தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்திய சாலை வரி விகிதம்: 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. 10 லட்சக் கோட்டைச் சில ஆயிரம் தாண்டினாலே வரி 50,000 ரூபாய் எகிறும், ஆகவே பெட்ரோல் வாங்குகிறவர்கள் வேரியன்ட் தேர்ந்தெடுக்கும்போது இந்தக் கோட்டைக் கவனியுங்கள். நீங்கள் சொன்ன 11 லட்சக் காருக்கு 1.98 லட்சம் வரி, ஆக 12.98 லட்சம். பேட்டரி வண்டிக்கு இங்கே 100 சதவீத விலக்கு, 14 லட்சம் 14 லட்சமாகவே நிற்கும். எக்ஸ்-ஷோரூமில் 3 லட்சமாக இருந்த வித்தியாசம் ஆர்டிஓவைத் தாண்டும்போது 1.02 லட்சமாகச் சுருங்கிவிடுகிறது.

ஆனால் இந்த விலக்கு அரசாணை மூலம், கெடு தேதி போட்டு வருவது. முன்பு போட்ட ஒரு கெடு 2025 டிசம்பர் 31. கணக்கில் எடுப்பது பதிவு தேதியைத்தான், புக்கிங் தேதியை அல்ல. டெலிவரி மூன்று மாதம் தள்ளிப் போகும் மாடலை எடுக்கிறீர்கள் என்றால் கெடு எப்போது முடிகிறது என்று அரசாணையைப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். விலக்கு இல்லாவிட்டால் 14 லட்சத்துக்கு 18 சதவீதம், 2.52 லட்சம். பக்கத்தில் கேரளத்தில் 2025 ஏப்ரல் முதல் 15 லட்சத்துக்கு மேல் உள்ள மின்சாரக் காருக்கு 8 சதவீதம், 20 லட்சத்துக்கு மேல் 10 என்று ஆக்கிவிட்டார்கள்.

எரிபொருள் வரி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இதுதான் பெரிது. 2025 கணக்குப்படி பெட்ரோல் லிட்டருக்கு மத்திய கலால் 21.90, மாநில வாட் 13 சதவீதமும் அதோடு 11.52 ரூபாயும். சேர்த்தால் லிட்டருக்கு 43 ரூபாய் பக்கம். வருஷம் 12,000 கி.மீ.க்கு 857 லிட்டர், அதாவது 36,000 ரூபாய்க்கு மேல் வரி. 400 யூனிட் வீட்டுக்காரர் மின்சாரத்துக்கு மாறினால் வருஷத்தில் மிச்சமாவது 69,000 சொச்சம். அதில் பாதிக்கு மேல் நீங்கள் அரசுக்குக் கட்டாமல் விட்ட வரிதான்.

மத்திய அரசின் மானியம் தனியார் காருக்குக் கிடையாது. பிஎம் இ-டிரைவ் என்ற மானியத் திட்டம் இரு சக்கர, மூன்று சக்கர வண்டி, பேருந்து, லாரி, ஆம்புலன்ஸுக்காகப் போட்டது, உங்கள் கார் அதில் இல்லை. கடன் வட்டிக்கு 1.5 லட்சம் வரை வருமான வரிக் கழிவு என்று இன்னும் சில விற்பனையாளர்கள் சொல்கிறார்கள். 80இஇபி என்ற அந்தப் பிரிவு 2019 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31க்குள் அனுமதியான கடனுக்கு மட்டுந்தான். புதுக் கடனுக்கு இல்லை. தொழிலுக்காக வாங்கித் தேய்மானம் எழுதுகிறவர்களுக்கு நிஜமான பலன் உண்டு: சாதாரணக் காருக்கு 15 சதவீதம், மின்சாரக் காருக்கு 40.

10 லட்சத்துக்கு மேல் எந்தக் கார் வாங்கினாலும் 1 சதவீதம் டிசிஎஸ் (விற்பவரே முன்கூட்டி வாங்கிக் கட்டும் வருமான வரி) பிடிப்பார்கள், 14 லட்சத்துக்கு 14,000 ரூபாய். இதை ஆன்-ரோடு செலவோடு (வண்டி சாலைக்கு வரும்வரை ஆகும் செலவு) சேர்த்து மறந்துவிடாதீர்கள். உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று பார்த்து ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம், வரி இல்லை என்றால் திரும்பி வரும்.

இன்சூரன்ஸில் ஒரு வேடிக்கை. மின்சாரக் காருக்குத் தேர்டு பார்ட்டி (அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்கான கட்டாய இன்சூரன்ஸ்) பிரீமியத்தில் 15 சதவீதம் தள்ளுபடி என்பார்கள். உண்மைதான், ஆனால் பெட்ரோல் காரை சிசி வைத்துப் பிரிப்பது போல மின்சாரக் காரை மோட்டார் கிலோவாட் வைத்துப் பிரிக்கிறார்கள். 2022 ஜூன் பட்டியல்படி 1,000 முதல் 1,500 சிசி வரை மூன்று வருஷத்துக்கு 10,640 ரூபாய். 65 கிலோவாட்டுக்கு மேல் மோட்டார் இருந்தால் 20,907. 14 லட்ச ரூபாய் மின்சாரக் கார்களில் பெரும்பாலும் மோட்டார் 65க்கு மேல்தான். தள்ளுபடி போயும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. சொந்தச் சேதத்துக்கான பிரீமியமும் வண்டி விலையோடு ஏறும். சென்னையில் தண்ணீர் தேங்கும் தெருவில் இருந்தால் பேட்டரிக்குள் தண்ணீர் புகுந்தால் ஈடு தரும் கூடுதல் கவர் கட்டாயம் எடுங்கள். வீட்டுச் சார்ஜருக்கும் கவர் இருக்கிறதா என்று கேளுங்கள்.

சர்வீஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் எதுவும் இல்லை. கேபின் ஃபில்டர், பிரேக் ஆயில், கூலன்ட், கியர் ரிடியூசர் ஆயில் அவ்வளவுதான். பிரேக் பேட் பல வருஷம் வரும், ஏனென்றால் வேகத்தைக் குறைப்பதில் பெரும்பங்கு மோட்டாரே செய்துவிடுகிறது. டயர் மட்டும் சீக்கிரம் தேயும். வண்டி கனம், எடுத்த எடுப்பில் இழுவையும் அதிகம். பல பேருக்குத் தெரியாத இன்னொன்று 12 வோல்ட் சின்ன பேட்டரி. பெரிய பேட்டரியின் ரிலே மூடுவதே இதன் மின்சாரத்தில்தான், இது செத்தால் பெரிய பேட்டரி 90 சதவீதம் இருந்தாலும் கார் அசையாது. மூன்று நான்கு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றும் செலவை வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் சார்ஜ் போட 7.2 கிலோவாட் பெட்டி வேண்டியதில்லை. தினம் 33 கி.மீ.க்கு மீட்டரில் 5 யூனிட் சொச்சம், 3.3 கிலோவாட் சார்ஜருக்கு இரண்டு மணி நேர வேலை. 7.2 என்றால் பெரும்பாலும் மூன்று பேஸ் இணைப்பும் மின்சுமை உயர்த்தலும் சேர்ந்து வரும். ஆனால் வாஷிங் மெஷின் போடும் பழைய 15 ஆம்ப் சாக்கெட்டில் மட்டும் செருகாதீர்கள். அயர்ன் பாக்ஸ் பத்து நிமிஷம் இழுப்பதும், கார் மணிக்கணக்கில் விடாமல் இழுப்பதும் ஒன்றல்ல. தளர்ந்த பின்னில் சூடேறி சாக்கெட் உருகும். போர்டிலிருந்து தனியாக 4 சதுர மி.மீ. செப்பு ஒயர், தனி 20 ஆம்ப் எம்சிபி (மின்சுமை மீறினால் அணையும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் அணையும் சுவிட்ச்), 16 ஆம்ப் இண்டஸ்ட்ரியல் சாக்கெட் போடுங்கள். எர்த்திங் சரியில்லை என்றால் சார்ஜர் சிவப்பு விளக்கு போட்டு நின்றுவிடும். சார்ஜர் பழுது என்று சர்வீஸ் சென்டருக்கு ஓடுவதற்கு முன் எலக்ட்ரீஷியனை விட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே வோல்டேஜ் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் கணக்கு இப்படி வரும்: ஆன்-ரோடு வித்தியாசம் 1.02 லட்சம், இன்சூரன்ஸ் கூடுதல் 12,000, ஒயரிங் 15,000. மொத்தம் 1.3 லட்சம். வருஷம் 69,000 மிச்சமானால் இரண்டு வருஷத்துக்குள் கழிந்துவிடும். சாலை வரி விலக்கு கிடைக்காமல் போனால் அதே கணக்கு ஐந்தரை வருஷம். 11 லட்சத்துக்குப் பதில் 9.5 லட்சப் பெட்ரோல் கார் போதும் என்று நினைத்தால் அதன் ஆன்-ரோடு 10.74 லட்சம்தான், அப்போதும் ஐந்து வருஷம் ஆகும். மாதம் 400 கி.மீ. மட்டுமே ஓட்டுகிறவர் அந்த 9.5 லட்சக் காரையே எடுக்கலாம்.

பழைய மின்சாரக் கார் பார்க்கிறீர்கள் என்றால் பேட்டரி உத்தரவாதம் பெரும்பாலும் 8 வருஷம் அல்லது 1,60,000 கி.மீ. அது இரண்டாவது உரிமையாளருக்கு மாறுமா என்று எழுத்தில் வாங்குங்கள். சில "வாழ்நாள்" உத்தரவாதங்கள் முதல் உரிமையாளருக்கு மட்டுந்தான். நேரடியாகத் தனிநபரிடம் வாங்கினால் ஜிஎஸ்டி இல்லை. பதிவு பெற்ற டீலர் என்றால் அவருடைய லாபத்தின் மேல் 18 சதவீதம், அதை விலையில் சேர்த்துத்தான் உங்களிடம் சொல்வார்.