புல்வெளிப் பறவைக் கணக்கெடுப்புக்குப் போகலாமா? ரெஜைனாவிலிருந்து ஒரு பதில்

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான். பிஆரில், அதாவது நிரந்தரக் குடியுரிமை விசாவில், கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்திலுள்ள ரெஜைனா நகருக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது, படிப்புக்கேற்ற வேலை இன்னும் அமையவில்லை. புல்வெளிப் பறவைகளைக் கணக்கெடுக்கத் தன்னார்வலராகப் போகலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பறவைப் பெயர் ஒன்றும் தெரியாது, காரும் இல்லை. போனால் அதை இங்கே வேலை தருகிறவர்கள் எதிர்பார்க்கும் 'கனடா அனுபவம்' என்று எடுத்துக்கொள்வார்களா?

போங்கள். ஆனால் வேலைக்காகப் போகாதீர்கள். கேட்டால் பரிந்துரைக் கடிதம் தருவார்கள். அதைக் காட்டி அலுவலக வேலை வாங்கிய யாரையும் நான் பார்த்ததில்லை. நான் இங்கே வந்து பதினான்கு வருடம் ஆகிறது. முதல் இரண்டு வருடம் அம்மாவிடம் போனில் பேசும்போதெல்லாம் "இங்கே சுற்றிலும் ஒன்றுமே இல்லைம்மா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். தட்டையான நிலம், ஓயாத காற்று, அவ்வளவுதான். அந்த எண்ணம் போனது ஒரு ஜூன் மாத விடியலில்.

அன்று நான் போனது வட அமெரிக்க இனப்பெருக்கப் பறவைக் கணக்கெடுப்புக்கு. 1966இல் தொடங்கியது அது. சுமார் 40 கிலோமீட்டர் கிராமத்துச் சாலை ஒரு வழித்தடம். 800 மீட்டருக்கு ஒன்றாக 50 நிறுத்தங்கள். ஒவ்வொன்றிலும் சரியாக 3 நிமிடம் நின்று, கண்ணில் பட்டது, காதில் விழுந்தது எல்லாவற்றையும் எண்ண வேண்டும். சூரியன் உதிக்க அரை மணி நேரம் இருக்கும்போது முதல் நிறுத்தம். ஜூனில் இங்கே ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடும், அதனால் இரண்டு, மூன்று மணிக்கே கிளம்ப வேண்டியிருக்கும். காற்று பலமாக அடித்தால் அன்று எண்ணக் கூடாது, வேறொரு நாள் பார்க்க வேண்டியதுதான்.

பறவைப் பெயர் தெரியாதது தடையே இல்லை. எண்ணுகிறவர் ஒரே ஒருவர். கூடப் போகிறவர் வண்டி ஓட்டலாம், நேரம் பார்க்கலாம், அவர் சொல்வதை எழுதலாம். "அதோ ஒன்று" என்று மட்டும் காட்டிக்கொடுக்கக் கூடாது. ஒருவருடைய கண்ணும் காதும் மட்டும் எண்ணினால்தான் இந்த வருடக் கணக்கைப் போன வருடத்தோடு ஒப்பிட முடியும். என்னை அழைத்துப் போனவர் எழுபதைத் தாண்டிய ஒரு விவசாயி. மூன்று ஜூன் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். எழுதி எழுதித்தான் காது பழகியது.

அந்த முதல் நாள், பக்கத்து ஊரான மூஸ் ஜாவுக்குத் தெற்கே, உழவே படாத ஒரு மேய்ச்சல் நிலத்தின் ஓரம். எஞ்சினை அணைத்ததும் மேலேயிருந்து சின்னக் கொலுசை உருட்டிவிட்ட மாதிரி ஒரு சத்தம், இறங்கி இறங்கி வந்தது. அண்ணாந்து பார்த்தால் வெறும் வானம். "ஸ்ப்ரேக் பிப்பிட், ஒன்று" என்றார் அவர். நம் ஊரில் நெட்டைக்காலி என்கிறோமே, அந்த வகை. கண்ணுக்கு எட்டாத உயரத்தில் வட்டமிட்டுக்கொண்டே அரை மணி நேரம்கூடப் பாடும். சற்றுத் தள்ளி, கனோலா என்ற எண்ணெய் வித்துப் பயிர் வயல் நடுவே ஒரு நிறுத்தம். மூன்று நிமிடமும் ஒரு சத்தம் இல்லை. கொஞ்சம் முன்னே போய் நின்றால் என்ன என்று கேட்டேன். இடத்தை மாற்றவே கூடாது என்றார். எந்தச் சத்தமும் காதில் விழாமல் நின்ற அந்த மூன்று நிமிடமும் கணக்குத்தான். அவர் சின்னப் பையனாக இருந்தபோது அங்கேயும் புல்தான் இருந்ததாம்.

சஸ்காச்சுவானில் பழைய புல்வெளி ஐந்தில் ஒரு பங்குகூட மிச்சமில்லை. கனடாவின் புல்வெளிப் பறவைகள் 1970க்குப் பிறகு 67 சதவீதம் குறைந்துவிட்டன என்று 2024இல் வந்த அறிக்கை சொல்கிறது. அந்த எண்ணை என்னால் வெறும் எண்ணாகப் படிக்க முடியவில்லை. இப்படிச் சாலையோரத்தில் ஆட்கள் வருடா வருடம் அதே இடத்தில் நின்றிருக்காவிட்டால் அது யாருக்கும் தெரிந்தே இருக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே கோடையில் ஸ்வைன்சன் பருந்து கூடு கட்டும். குளிர் வந்தால் அர்ஜென்டினாவுக்குப் போய்விடும். 1995-96இல் அங்கே வெட்டுக்கிளிக்கு மருந்தடித்த வயல்களில் அவை ஆயிரக்கணக்கில் செத்து விழுந்தன. மருந்தின் பெயரைக் கேட்டதும் எனக்குத் திக்கென்றது: மோனோகுரோட்டோபாஸ். எங்கள் பருத்திக்காட்டில் அப்பா முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு அடித்த அதே மருந்து. அன்று முதல் இந்தப் பருந்து எனக்கு வேற்று நாட்டுப் பறவையாகத் தெரியவில்லை.

சரி, நடைமுறைக்கு வருவோம். பொதுச் சாலையில் நின்று எண்ண யாரிடமும் கேட்க வேண்டாம். வேலியைத் தாண்டுவதாக இருந்தால் முன்கூட்டியே நிலக்காரரின் அனுமதி வேண்டும். 2022 முதல் இங்கே அது சட்டம். திறந்திருந்த கேட்டைத் திறந்தபடியும் மூடியிருந்ததை மூடியும் விட்டு வாருங்கள். புல்லில் நடந்தால் உண்ணி ஏறும். பேன்ட்டை சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள், வீட்டுக்கு வந்ததும் உடம்பு முழுக்கப் பாருங்கள். மழை பெய்த மண் சாலையில் மட்டும் வண்டியை இறக்கவே கூடாது. அந்தக் களிமண் சக்கரத்தைக் கவ்விக்கொண்டால் விடாது.

ஜூன் வரை காத்திருக்கவும் வேண்டாம். டிசம்பர் 14 முதல் ஜனவரி 5 வரை கிறிஸ்துமஸ் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். நகருக்குள்ளேயே குழுவாகப் போவார்கள், கார் இல்லாவிட்டாலும் யாராவது ஏற்றிக்கொள்வார்கள். கண்ணும் நல்ல பூட்ஸும் இருந்தால் போதும்.

அப்புறம், என் வழித்தடத்தில் கூட வந்து எழுதுகிறவர் இந்த வருடம் வேறு ஊருக்குப் போய்விட்டார். வர விருப்பமிருந்தால் இந்த அக்காவிடம் மே மாதத்துக்குள் சொல்லுங்கள். இரண்டரை மணிக்கு உங்கள் வாசலில் வண்டி நிற்கும். ஜூன்தானே என்று நினைக்காமல் காதை மூடாத ஒரு குல்லாய் கொண்டுவாருங்கள்.