கேரவனே வீடு என்றால், முகவரிக் கட்டத்தில் எதை எழுதுவது?

கேள்வி: ஐயா, நாங்கள் லண்டன் ஹாரோவில் முப்பது ஆண்டுகளாக வசிக்கிறோம். எனக்கு 64 வயது, மனைவிக்கு 61. இருவரும் ஓய்வு பெற்றுவிட்டோம். வீட்டை விற்றுவிட்டு, காரின் பின்னால் இழுத்துச் செல்லும் டூரிங் கேரவனில் ஆண்டு முழுவதும் ஊர் ஊராகத் தங்கி வாழ விரும்புகிறோம். லெஸ்டரில் தனியாக வசிக்கும் மகளின் முகவரியையே எல்லாவற்றுக்கும் கொடுத்துவிட்டால் போதும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அது சரியா?

பதில்: உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி. மகளின் முகவரியைக் கடிதம் வந்து சேரும் இடமாகக் கொடுப்பதில் தவறேதும் இல்லை. அதையே நீங்கள் குடியிருக்கும் வீடு என்று எழுதிக் கையொப்பமிடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. சொந்த வீட்டில் இருக்கும்வரை கடிதம் வரும் இடம், இரவில் கார் நிற்கும் இடம், நாம் உறங்கும் இடம் ஆகிய மூன்றும் ஒன்றாகவே இருப்பதால், படிவத்தில் உள்ள ‘முகவரி’ என்னும் கட்டம் இவற்றில் எதைக் கேட்கிறது என்று நாம் யோசிப்பதே இல்லை. கேரவனில் குடியேறிய நாளிலிருந்து மூன்றும் தனித்தனியாகிவிடும். எனவே ஒவ்வொரு படிவத்திலும் எது கேட்கப்படுகிறது என்று பார்த்துப் பதில் எழுத வேண்டும்.

இதில் தவறினால் மிகப் பெரிய இழப்பு காப்பீட்டில்தான் வரும். கார் காப்பீட்டு நிறுவனம் கேட்பது, வண்டி இரவில் வழக்கமாக எங்கே நிற்கிறது என்பதை. தவணைத் தொகையும் பெருமளவு அதைப் பொறுத்தே கணக்கிடப்படுகிறது. லெஸ்டரில் மகள் வீட்டு வாசலில் நிற்கும் என்று எழுதிவிட்டு, கார்ன்வாலில் விபத்து நேர்ந்து, பத்து மாதங்களாக வண்டி லெஸ்டர் பக்கமே போகவில்லை என்று தெரியவந்தால், 2012ஆம் ஆண்டின் நுகர்வோர் காப்பீட்டுச் சட்டம் உங்களுக்குத் துணை நிற்காது. தெரிந்தே தவறான தகவல் தரப்பட்டிருந்தால், ஒப்பந்தத்தையே ரத்து செய்து இழப்பீட்டை மறுக்க அந்தச் சட்டம் நிறுவனத்துக்கு இடம் தருகிறது. கேரவன் காப்பீடும் இப்படித்தான். சாதாரண பாலிசிகள் விடுமுறைப் பயன்பாட்டை மட்டும் கருதி எழுதப்பட்டவை. நிரந்தரக் குடியிருப்பை அவை பொதுவாக விலக்கிவிடும். முழுநேரமும் கேரவனில் வாழ்பவர்களுக்கென்றே பாலிசி தரும் நிறுவனங்கள் இருக்கின்றன, ஆனால் அவை குறைவு. தொலைபேசியில் பேசும்போது சுற்றி வளைக்காமல், “எங்களுக்கு வேறு வீடு கிடையாது, கேரவனிலேயே குடியிருக்கிறோம், கார் சில வாரங்களுக்கு ஒருமுறை இடம் மாறும்” என்று சொல்லி, அவர்கள் தரும் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து உங்கள் மகள். ஒரு வீட்டில் வயது வந்த ஒருவர் மட்டுமே வசித்தால், உள்ளாட்சி மன்றத்துக்குச் செலுத்தும் கவுன்சில் வரியில் 25 விழுக்காடு தள்ளுபடி உண்டு. தனியாக வசிக்கும் அவர் அதைப் பெற்றுவரக்கூடும். கடிதங்கள் மட்டும் அங்கே வருவதால் அந்தத் தள்ளுபடி போய்விடாது. ஆனால் வாக்காளர் பட்டியலில் அந்த முகவரியில் உங்கள் இருவரின் பெயர்களையும் பதிந்தால், அந்தப் பட்டியலையும் வரித் தள்ளுபடிப் பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்க்கும் கவுன்சிலிலிருந்து அவருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். இதற்கு நேர்வழி இருக்கிறது. நிலையான முகவரி இல்லாதவர்கள், தாங்கள் வழக்கமாகக் கணிசமான நேரத்தைக் கழிக்கும் ஓர் இடத்தைக் குறிப்பிட்டு ‘உள்ளூர்த் தொடர்பு உறுதிமொழி’ மூலம் வாக்காளராகப் பதியலாம். ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்க வேண்டும். மகளின் கடன் தரமதிப்பீடு உங்களால் பாதிக்கப்படுமோ என்ற அச்சம் வேண்டாம். கூட்டுக் கணக்கோ கூட்டுக் கடனோ இருந்தால்தான் இருவரின் பதிவுகளும் இணைக்கப்படும். முகவரி ஒன்றாக இருப்பதால் மட்டும் அது நடக்காது.

ஓட்டுநர் உரிமத்தையும் காரின் பதிவுப் பத்திரத்தையும் பொறுத்தவரை மகளின் முகவரி பொருத்தமானதே. இவற்றை வழங்கும் அரசு முகமையான டி.வி.எல்.ஏ.வுக்கு வேண்டியது உங்களைத் தொடர்புகொள்ளக்கூடிய முகவரி. அஞ்சல் பெட்டி எண்ணை மட்டும் அவர்கள் ஏற்பதில்லை. ஹாரோ வீடு கைமாறிய பிறகும் பழைய முகவரியையே விட்டுவைத்தால் 1,000 பவுண்டு வரை அபராதம் விதிக்கப்படலாம்.

மருத்துவர் பதிவு பலரும் அஞ்சுவதைவிட எளிது. இங்கிலாந்தில் ஜி.பி. எனப்படும் குடும்ப மருத்துவரிடம் பதிய முகவரிச் சான்று கட்டாயமில்லை. வரவேற்பு மேசையில் கேட்டாலும் பணிவாக இதைச் சொல்லுங்கள். ஓரிடத்தில் 24 மணி நேரத்துக்கு மேல், மூன்று மாதத்துக்குள் தங்கும்போது தற்காலிக நோயாளியாகவும் பதியலாம். நாள்பட்ட நோய்க்கு மருந்து எடுப்பவர்கள், மின்னணு மருந்துச் சீட்டு சென்று சேர வேண்டிய மருந்தகத்தை என்.எச்.எஸ். (தேசிய சுகாதாரச் சேவை) செயலியிலேயே ஊருக்கு ஊர் மாற்றிக்கொள்ளலாம்.

இவற்றையெல்லாம்விடக் கடினமான கேள்வியை நீங்கள் கேட்கவில்லை: ஜனவரி மாதத்தில் கேரவன் எங்கே நிற்கும்? 1960ஆம் ஆண்டின் கேரவன் தளச் சட்டப்படி உரிமம் பெற்ற தளங்களில் பெரும்பாலானவை விடுமுறைக்கு மட்டுமே அனுமதி பெற்றவை. அங்கே அதையே முதன்மை வசிப்பிடமாகக் கொள்ள முடியாது. பருவகால இடத்தை வாடகைக்குத் தரும்போது, வேறு வீடு இருப்பதற்குச் சான்றாகக் கவுன்சில் வரி ரசீதைக் கேட்கும் தளங்களும் உண்டு. மகளின் ரசீதைக் காட்டிச் சமாளித்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். நடுக்குளிரில் வெளியேறச் சொன்னால் உங்கள் பக்கம் பேச எதுவும் இருக்காது. நிரந்தர வசிப்புக்கு அனுமதி பெற்ற தளங்களும் இருக்கின்றன. டூரிங் கேரவனை அவற்றில் சிலவே ஏற்கின்றன. அங்கே ஓரிடத்தில் ஊன்றிவிட்டால், அந்த இடத்துக்குக் கவுன்சில் வரி வரக்கூடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். 1996ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டப்படி, கேரவன் சொந்தமாக இருந்தும் அதை நிறுத்திக் குடியிருக்க உரிமையுள்ள இடம் இல்லாதவர் வீடற்றவராகவே கருதப்படுவார். வீட்டை விற்ற பணம் வங்கியில் இருக்கும்போதே அந்த நிலை வரலாம் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

குளிர்காலத்தில் அன்றாடமும் மாறும். பூட்டேன் எரிவாயு உறைநிலையை நெருங்கும்போதே உருளையிலிருந்து வெளிவர மறுக்கும், புரொப்பேன் வேண்டும். பத்து ஆம்பியர் மின் இணைப்பு மட்டுமே உள்ள தளத்தில் சுமார் 2,300 வாட் வரைதான் இழுக்க முடியும். ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்க, ஒருவர் குக்கரில் சோறு வைத்து மற்றவர் கெட்டிலைத் தட்டினால் மின்சாரம் நின்றுவிடும். பிறகு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு மழையில் இறங்கி, மின்சாரத்தை மீண்டும் போட இணைப்புக் கம்பத்தைத் தேடிப்போக வேண்டியதுதான்.

ஆகவே விற்பனைப் பத்திரத்தில் கையொப்பமிடும் முன் இரண்டு தாள்கள் உங்கள் கையில் இருக்க வேண்டும்: முழுநேர வசிப்பை ஏற்கும் காப்பீட்டு உறுதி, நவம்பர் முதல் மார்ச் வரை தங்க இடம் தரும் தளத்தின் ஒப்புதல். இயன்றால் ஹாரோ வீட்டை விற்காமல் ஓராண்டுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, ஒரு குளிர்காலத்தைக் கேரவனில் கழித்துப் பாருங்கள். வீடு கடனில் இருந்தால், வாடகைக்கு விட வங்கியின் அனுமதியை முதலில் பெற வேண்டும்.