ஏரீஸுக்குப் பதில் மார்ஸ் என்று எழுதலாமா?

வணக்கம். உங்கள் கிரேக்கக் கதை மொழிபெயர்ப்பில் ஏரீஸ் வரும் இடமெல்லாம் மார்ஸ் என்று மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். ஏரீஸ் கிரேக்கர்களின் தெய்வம், மார்ஸ் ரோமானியர்களின் தெய்வம்; இருவருக்கும் போர்தான் வேலை, சரி. ஆனால் மதிப்பு வேறு. கிரேக்கக் காவியமான இலியட்டில், டயோமிடிஸ் என்ற வீரனின் ஈட்டியால் காயம்பட்டு வந்து முறையிடும் ஏரீஸிடம், ஒலிம்பஸ் தெய்வங்களிலேயே உன்னைத்தான் அதிகம் வெறுக்கிறேன் என்று பெற்ற தகப்பன் சீயுஸே சொல்கிறார். ரோமிலோ மார்ஸ், அந்த நகரை நிறுவியதாகச் சொல்லப்படும் ரோமுலஸின் தந்தை. மார்ச் மாதமே அவர் பெயரில்தான். உழவர்கள் பன்றி, செம்மறி, காளை மூன்றையும் நிலத்தைச் சுற்றி நடத்திவந்து பலியிட்டு, பயிரையும் மந்தையையும் காக்கச் சொல்லி அவரிடம் வேண்டினார்கள். எனக்கு மிகவும் பிடித்த காட்சி அது. அப்புறம், அப்போலோ என்ற தெய்வத்துக்கு இந்தச் சிக்கலே இல்லை. இரண்டு பக்கமும் அதே பெயர்தான்.