சேதாரம் கேட்காத மேஜை

அன்புள்ள ஐயா,

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்காக, அங்கிருந்து பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் கப்பலில் எனக்கும் மனைவிக்கும் டிக்கெட் போட்டுக் கொடுத்தான். கப்பலில் கேசினோ இருந்தது. முதல் ராத்திரி, ஆட்டத்துக்கு 25 டாலர் வைக்கும் பிளாக்ஜாக் சீட்டு மேஜையில் 600 டாலர் ஜெயித்தேன். பிளாக்ஜாக் விழுந்தால் 25-க்கு 30 கொடுத்தார்கள், நல்ல ஆட்டம் என்றுதான் நினைத்தேன். அடுத்த ராத்திரிகளில் அதுவும் போய், பச்சைக் கட்டம் இரண்டு இருந்த ரூலெட் சக்கரத்தில் இரட்டித்து இரட்டித்து வைத்துப் பார்த்து, மொத்தம் 2,300 சிங்கப்பூர் டாலர் கைவிட்டுப் போனது. சீட்டை மெஷின்தான் கலைக்கிறது, அதில் ஏதாவது வேலை இருக்குமா? பினாங்கில் இறங்கி மாரியம்மன் கோயிலுக்குப் போனபோதுகூட, கப்பல் எப்போது கிளம்பும், மேஜையை எப்போது திறப்பார்கள் என்றே மனசு ஓடியது. வள்ளுவர் சூதைப் பற்றிச் சொன்னதெல்லாம் படித்தவன்தான். எனக்கு இப்போது ஏழரைச் சனி வேறு. டிசம்பரில் நண்பர்கள் நாலு பேர் மறுபடி கப்பலேறுகிறார்கள். விட்டதைப் பிடிக்க ஒரு தடவை போகலாமா, இல்லை இதோடு விட்டுவிடுவதா? மனைவிக்கு முழுத் தொகை தெரியாது.

பெயர் வேண்டாம்,
செவ்வாய்ப்பேட்டை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்த நேரத்தில் நான் ரம்மி வழக்குகளைப் படித்துக்கொண்டிருந்தேன். தமிழ்நாட்டில் ஆன்லைன் சூதாட்டத்தைத் தடுக்க 2022-ல் அவசரச் சட்டமும், அடுத்த வருஷம் முழுச் சட்டமும் வந்தன. 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டு, ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று அவற்றை மட்டும் தடையிலிருந்து விலக்கியது. ரம்மி திறமைதான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1968-ல். குதிரைப் பந்தயத்துக்கும் அதையே 1996-ல் சொன்னது. திறமையா அதிர்ஷ்டமா என்று அரை நூற்றாண்டுக்கு மேலாக வாதம் நடக்கிறது.

ஆனால் அந்த 1968 தீர்ப்பிலேயே இன்னொரு வரி இருக்கிறது. கிளப்பை நடத்துகிறவர் ஆட்டத்திலிருந்து லாபம் எடுக்கிறார் என்றால் அது குற்றமாகலாம் என்கிற வரி. ரம்மிக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் முதல் பாதியை மனப்பாடமாகச் சொல்வார்கள். இரண்டாம் பாதியை எடுக்கவே மாட்டார்கள். எனக்கோ அதுதான் முக்கியம். ஆடுகிறவன் கெட்டிக்காரனா முட்டாளா என்பது கிடக்கட்டும், மேஜை போட்டவனுக்கு ஆட்டத்துக்கு எவ்வளவு? அதைக் கேட்கத் தெரிந்த ஊர் என்று ஒன்று உண்டென்றால் அது உங்கள் பேட்டைதான். அதனால்தான் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது.

சனியை விடுங்கள். வள்ளுவரையும் விடுங்கள், படித்தவர்கள் எல்லாரும் படித்துவிட்டுத்தான் போய் உட்காருகிறார்கள்.

மெஷினில் வேலை இருக்கிறது, ஆனால் நீங்கள் நினைக்கிற வேலை இல்லை. கையால் கலைத்தால் ஆட்டம் அவ்வப்போது நிற்கும். எழுந்து போக, தண்ணீர் குடிக்க, கையில் மிச்சம் என்ன என்று எண்ணிப் பார்க்க அந்த நேரம் போதும். ஓயாமல் கலைத்துக்கொண்டே இருக்கிற மெஷின் அந்த நேரத்தை இல்லாமல் செய்துவிடுகிறது. மணிக்கு இன்னும் சில ஆட்டங்கள் கூடுதலாக ஓடும். அவர்களுக்கு வேண்டியது அவ்வளவுதான். மேஜையில் சீட்டுப் போடுகிற பெண் நகம் வெட்டிய சுத்தமான கைகளால் நேர்மையாகத்தான் சீட்டைப் போட்டிருப்பாள். ஏமாற்றுவதற்கு அவளுக்கு என்ன அவசியம்? கணக்கு ஏற்கெனவே துணியில் அச்சாகியிருக்கிறது.

அதைத்தான் சொல்ல வருகிறேன். 25-க்கு 30 கொடுத்தார்கள் என்று மகிழ்ந்து எழுதியிருக்கிறீர்கள். முதல் இரண்டு சீட்டிலேயே ஏஸும் பத்து மதிப்புச் சீட்டும் சேர்ந்து விழுந்தால் இரண்டுக்கு மூன்று கொடுப்பது அந்த ஆட்டத்தின் பழைய முறை. 25 வைத்தால் 37.50. உங்கள் மேஜையில் ஐந்துக்கு ஆறு. மேஜைத் துணியில் வளைவாக, கொட்டை எழுத்தில் எழுதியிருந்திருக்கும். ஆறு, மூன்றைவிடப் பெரிய எண்ணாகத் தெரிகிறது அல்லவா, அதில்தான் ஆள் விழுகிறான். ஒவ்வொரு பிளாக்ஜாக்குக்கும் உங்களுக்கு வரவேண்டியதில் ஏழரை டாலர் குறைந்தது. நீங்கள் தேடிக்கொண்டிருக்கும் ஏழரை இதுதான்.

அந்தச் சீட்டுச் சேர்க்கை சுமார் 21 ஆட்டத்துக்கு ஒரு தடவை வரும். மணிக்கு 60 ஆட்டம் என்று வையுங்கள். மணிக்கு இருபது டாலருக்கு மேல் இந்த ஒரு வரியிலேயே போய்விடுகிறது, மற்ற ஆட்டங்களில் நீங்கள் தோற்றது தனி. பழைய முறை மேஜையில், எப்போது சீட்டு வாங்குவது எப்போது நிற்பது என்று ஒழுங்காகத் தெரிந்தவரிடம் கேசினோ எடுப்பது நூற்றுக்கு ஏறத்தாழ அரை. ஐந்துக்கு ஆறு ஆனதும் அது இரண்டை நெருங்கிவிடுகிறது. கிட்டத்தட்ட நாலு மடங்கு! அந்தப் பச்சைக் கட்டங்கள் இரண்டு இருந்த சக்கரத்தில் இன்னும் மோசம். பந்து வந்து விழ 38 குழி இருக்கிறது, நீங்கள் வைத்த எண் விழுந்தால் 35 மடங்குதான் தருவார்கள். நூற்றுக்கு 5.26. பச்சைக் கட்டம் ஒன்று மட்டும் உள்ள சக்கரத்தில் 2.70. ஒரே ஒரு கட்டத்தில் வீதம் இரட்டிப்பாகிவிட்டது, நீங்களோ சிவப்பா கறுப்பா என்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

வெள்ளிக் கட்டி வாங்கும்போது டச், அதாவது வெள்ளியின் சுத்தம், எவ்வளவு என்று கேட்காமல் ஒரு நாளாவது வாங்கியிருக்கிறீர்களா? சேதாரத்தில் கால் சதவீதம் கூடினால் கடை மாறுகிற ஆள் நீங்கள். அந்த மேஜையிலும் சேதாரம் உண்டு. கேட்காமல் உட்கார்ந்தீர்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். நூற்றுக்கு இரண்டுதானே, ஆயிரம் டாலர் கொண்டுபோனால் இருபதுதானே போகும் என்று மனசு சமாதானம் சொல்லும். போவது கொண்டுபோன பணத்திலிருந்து இல்லை, மேஜையில் வைக்கிற ஒவ்வொரு பந்தயத்திலிருந்தும். 25 டாலர் வீதம் 60 ஆட்டம் என்றால் ஒரு மணி நேரத்தில் 1,500 டாலர் மேஜையைக் கடந்து போகிறது. உங்கள் பையில் இருந்தது முந்நூறாகவே இருக்கட்டும், அதே முந்நூறு ஐந்து தடவை நெருப்பில் போய் வந்திருக்கிறது. ஒரே கட்டியை ராத்திரி முழுக்க உருக்கி ஊற்றிக்கொண்டே இருந்தால் விடியற்காலையில் எடை என்ன காட்டும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

என் சித்தப்பா ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் ரைட்டராக இருந்தார். லீவுக்கு என்னை அங்கே அனுப்புவார்கள். பழம் பறிப்பு முடிந்து கூலியும் போனஸும் பட்டுவாடா ஆன ராத்திரி, தோட்டத்துக்கு வெளியே ஒரு டீக்கடைக்குப் பின்னால் மூணு சீட்டு நடக்கும். குளிர் தாங்காமல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சாக்கு மூட்டைமேல் படுத்தபடி நான் பார்த்துக்கொண்டிருப்பேன். பெட்ரோமாக்ஸ் விளக்கும் ஜமக்காளமும் கடைக்காரருடையவை. அவர் ஆடமாட்டார். டீ போட்டுக் கொடுத்தபடியே, ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் நடுவில் குவிந்ததிலிருந்து ஒரு காசை எடுத்துக் காலி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போடுவார். முதலில் கண்ணாடியில் பட்டு 'டங்' என்று கேட்கும். நேரம் ஆக ஆக, காசுமேல் காசு விழுந்து சத்தம் மட்டுப்பட்டுவிடும். காற்றழுத்தம் குறைந்தால் மட்டும் எழுந்து போய்ப் பெட்ரோமாக்ஸுக்குப் பம்ப் அடிப்பார். பாட்டிலை ஒருவரும் திரும்பிப் பார்த்து நான் கண்டதில்லை.

காலையில் சித்தப்பா சித்தியிடம் சொன்னார், மேஸ்திரி சுருட்டிக்கொண்டு போய்விட்டான் என்று. மேஸ்திரி வீட்டில் ரைட்டர்தான் அள்ளிக்கொண்டு போனார் என்று சண்டை. லாரி டிரைவர்தான் என்று இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு பேச்சு. அவன் டீசலுக்குக் கடன் கேட்டுக்கொண்டிருந்தான். ஜெயித்தவன் என்று ஒருத்தனைக்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை!

அந்த வாரமே சித்தியின் கொலுசு மலையிறங்கியது. இருபது கொண்டை ஊசி வளைவிலும் சித்தப்பா வாயைத் திறக்கவில்லை. உங்கள் பேட்டையில்தான் ஒரு கடை. கடைக்காரர் உரைத்துப் பார்த்து, பழைய வெள்ளி, பொடி வைத்துப் பற்றவைத்த இடம் நிறைய, இவ்வளவு கழிவு என்றார். சித்தப்பா பொங்கிவிட்டார். அதெப்படி அவ்வளவு கழிப்பாய், தராசைத் திருப்பி வை, படியைக் காட்டு என்று ஒரே ரகளை. பக்கத்துக் கடைக்கு எடுத்துக்கொண்டு போய், அங்கும் சண்டை போட்டு, திரும்ப முதல் கடைக்கே வந்து, சில ரூபாய் கூட வாங்கிக்கொண்டுதான் ஓய்ந்தார். வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாத்தியாடா, நாம பேசலைன்னா அடிச்சிருப்பான்" என்றார். ரொம்பப் பெருமை அவருக்கு. நல்ல மனுஷன். எனக்கு முதல் பேனா வாங்கித் தந்தவர். அவர்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு, அதில் கொஞ்சம்தான் இன்று உங்கள்மேல் விழுகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோற்கத் தோற்கப் பந்தயத்தை இரட்டிக்கிற வித்தையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 25, 50, 100, 200, 400 என்று ஐந்து தடவை போனால் 775 டாலர் காலி. அடுத்து 800 வைக்க வேண்டும், மேஜையின் உச்ச வரம்பு 500 என்றால் அதோடு கதை முடிந்தது. அந்தச் சக்கரத்தில் சிவப்பு தொடர்ந்து ஐந்து தடவை தவறுவது ஏறக்குறைய 25-ல் ஒரு தடவை நடக்கும். மீதி 24 தடவை நீங்கள் ஜெயிப்பது ஒவ்வொன்றிலும் வெறும் 25. பெருக்கிப் பாருங்கள், 600. போவது 775. சக்கரத்துக்குப் பக்கத்தில் முந்தைய எண்களைக் காட்டும் விளக்குப் பலகை இருந்திருக்குமே, அதை எதற்கு இலவசமாகக் காட்டுகிறார்கள் என்று யோசித்தீர்களா? உங்களுக்கு உதவும் என்றால் அதை மூடி வைத்திருப்பார்கள். மான்டி கார்லோ கேசினோவில் 1913 ஆகஸ்ட் 18 அன்று கறுப்பு வரிசையாக 26 தடவை விழுந்தது. இனிச் சிவப்புதான் வந்தாக வேண்டும் என்று ஒவ்வொரு சுற்றுக்கும் கூட்டிக் கூட்டி வைத்தவர்கள் லட்சக்கணக்கில் விட்டார்கள். பந்துக்கு ஞாபகம் கிடையாது.

கப்பல் என்பதால் இன்னும் கொஞ்சம் கூடுதல் அபாயம். சிங்கப்பூரில் கரையிலுள்ள கேசினோவுக்குள் அந்த நாட்டுக் குடிமகனோ நிரந்தரவாசியோ நுழைய ஒரு நாளைக்கு 150 டாலர் கட்ட வேண்டும். 2019-ல் நூறிலிருந்து கூட்டினார்கள். தன் ஜனங்கள் வாசலில் ஒரு நிமிஷமாவது நின்று யோசிக்கட்டும் என்று அரசாங்கமே வைத்த தடை அது. கப்பலில் வாசலே கிடையாது. பல கப்பல்களில் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து நாடகம் பார்க்கப் போகிற வழியே கேசினோவுக்குள்தான் போகிறது. பர்ஸை எடுக்கவும் வேண்டாம், அறைச் சாவி அட்டையைக் காட்டினால் பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடுகிற வில்லைகளைத் தந்து கணக்கில் எழுதிக்கொள்வார்கள். இந்த மேஜை பிடிக்கவில்லை என்று தெருவைத் தாண்டி எதிர்க்கடைக்குப் போக அங்கே தெரு ஏது, எதிர்க்கடை ஏது? இரண்டுக்கு மூன்று கொடுக்க அவர்களுக்கு என்ன தலையெழுத்து?

இவ்வளவையும் சொன்னாலும் உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது 2,300 டாலர் இல்லை. நம் பணத்தில் ஒன்றரை லட்சம் பக்கம் வரும், பட்டறைக்காரருக்கு அது தாங்கும். பினாங்கு பற்றி எழுதினீர்களே, அதுதான். குயின் தெருவில் 1833-ல் எழுந்த மகாமாரியம்மன் கோயில் அது. கப்பலேறிப் போய்ப் பாடுபட்ட நம் ஜனங்கள் அவளையும் கூடவே கொண்டுபோய் வைத்தார்கள். ஆடிப் பண்டிகைக்குப் பட்டறையைப் பூட்டிவிட்டுக் கோட்டை மாரியம்மன் முன்னால் வேர்க்க வேர்க்க நிற்கிற ஊர்க்காரர் நீங்கள். அங்கே போய் அவள் முகத்தைப் பார்க்காமல் கைக்கடிகாரத்தைப் பார்த்திருக்கிறீர்கள். துறைமுகத்தில் கப்பல் நிற்கிறவரை மேஜை மூடியிருக்கும், கடலுக்குள் போனால்தான் திறப்பார்கள் என்று உங்களுக்கு அதற்குள் பாடமாகிவிட்டது. பக்கத்தில் இருபத்தைந்து வருஷமாக உங்களோடு குடும்பம் நடத்துகிறவர் அர்ச்சனைத் தட்டோடு நின்றிருப்பார். என்னய்யா மனுஷன் நீர்!

டிசம்பருக்குப் போகலாமா என்றீர்கள். விட்டதைப் பிடிக்கப் போகிறேன் என்றால் போகாதீர்கள், இவ்வளவு நேரம் நான் எழுதியதை அப்படியே நண்பர்கள் நாலு பேருக்கும் அனுப்பிவிடுங்கள். கடலைப் பார்க்க என்றால் தாராளமாகப் போங்கள், ஆனால் அந்த நாலு பேரோடு வேண்டாம், போன தடவை கூட வந்தவரோடு போங்கள். போகும் முன் உங்கள் அட்டையில் கேசினோக் கணக்கை அடைத்து வைக்க முடியுமா என்று மகனை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

மனைவிக்கு முழுத் தொகை தெரியாது என்கிறீர்கள். கடைசி நாள் காலையில் அறைக் கணக்கு பில் ஒன்று தந்திருப்பார்கள், சாவி அட்டையில் வாங்கியதெல்லாம் அதில் வரிவரியாக இருக்கும். அதை எடுத்து வைத்தது யார் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. ராத்திரி அவரிடமே கேட்டுப் பாருங்கள்.

அன்புடன்.